பூப்போட்ட சுவர்

பெட்டி கட்டியாகிவிட்டது.

போன வாரம் முழுக்க அப்பாவின் கட்டில் மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த பழுப்புப் பெட்டி. இப்போது அதற்குள் ஐந்து சட்டை, ஒரு கம்பளிக் குல்லா, பெரியவர்கள் கட்டிக்கொள்ளும் டயாப்பர் ஒரு பாக்கெட், பிரிக்காத சோப்பு ஆறு கட்டி. சோப்பு மட்டும் அப்பாவே தெருமுனைக்குப் போய் வாங்கி வந்தது. போகிற இடத்திலும் யாராவது மூக்கைப் பிடித்துவிடக் கூடாதே என்று.

நாலு மணிக்கு முதியோர் விடுதி வேன் வரும்.

அப்பா வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து மூன்று தரம் குளித்தாகிவிட்டது. விரல் நுனியெல்லாம் ஊறவைத்த கடலை மாதிரி சுருங்கியிருந்தது.

நாற்பது வருஷம் வெங்காய மண்டி நடத்தியவர். மண்டியை மூடி ஆறு வருஷம் ஆகிறது; மூக்கு அதற்கும் முன்னாலேயே கடையைக் கட்டிவிட்டது. ரோஜாவும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒரே விலை. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருமகள் முதல் தடவையாக மூக்கைச் சுளித்தபோது அவர் வாதாடவில்லை.

"நாறத்தாம்மா செய்யும். நாற்பது வருஷச் சரக்கு உடம்புக்குள்ள இருக்கே" என்று சிரித்தார்.

பேரம் பேசாமல் அவர் வாங்கிக்கொண்ட ஒரே சரக்கு அந்தப் பழிதான்.

அப்புறம் படுக்கை நனைய ஆரம்பித்தது. சிரிப்பு நின்றது.

*

அப்பாவின் மூத்த மகளான அக்கா உள்ளே வந்தபோது ஹாலில் அவர் கட்டில் இல்லை. அது இருந்த சுவரோரத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டி நின்றது. அதன் மேல் பளபளவென்று ஒரு மலைச்சிகரப் படம். அறுபத்தைந்து அங்குலம்.

"டேய், வேன் வர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. அந்த மனுஷன் இன்னும் வாசல்லதான் உக்காந்திருக்கார். அதுக்குள்ள அவர் இடத்துல டிவியா?"

"டெலிவரி இன்னிக்குத்தான்னுட்டாங்கக்கா. நான் என்ன பண்றது?"

"வேண்டாம், நாளைக்குக் கொண்டுவான்னு சொல்ல வாய் இல்லையா?"

தம்பி அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழித்தான். அவன் வால்பேப்பர் வியாபாரி. பூப்போட்டது, கோடு போட்டது, செங்கல் மாதிரி, மரம் மாதிரி, எந்தச் சுவரையும் வேறு எதுவாகவும் காட்டிவிடுவான். இந்த ஹாலின் சுவரில் ஒட்டியிருப்பதும் அவன் கடைச் சரக்குதான். வெளிர்நீலத்தில் வெள்ளைப் பூ. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பூவைப் பாராட்டிவிட்டு, மூக்கைத் துடைப்பதுபோல் கைக்குட்டையை எடுப்பார்கள்.

அக்காவின் மூக்கு தனி ரகம். ஆஸ்பத்திரி லேபில் பதினெட்டு வருஷம். ஊரார் மூத்திரத்தையும் மலத்தையும் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்ப்பது பிழைப்பு. அதை முடித்துக் கையைக் கழுவிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுகிற பிறவி. அவளுக்கு அருவருப்பு வர வேண்டுமென்றால் சாம்பிள் போதாது, மனுஷன் வேண்டும்.

அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவள் போன வாரம் முழுக்க மன்றாடிப் பார்த்தாள். அவளுடையதோ ஒற்றை அறை வீடு, மூன்றாவது மாடி, மாமனார் மாமியார் வேறு. "என்னால நீ அங்க பேச்சு வாங்கணுமா?" என்று அப்பாவே முடித்து வைத்துவிட்டார்.

அவள் ஹாலில் நின்று ஒரு தடவை ஆழமாக மூச்சை இழுத்தாள். யாரும் அந்த ஹாலில் அப்படிச் செய்வதில்லை.

"கட்டிலைக் கொல்லையில போட்டாச்சு. மெத்தையைத் தூக்கிப் போட்டாச்சு. அப்பா வெளியில இருக்கார். இன்னும் நாறுதே, எப்படிடா?"

"ரெண்டு வருஷம் ஊறினது அண்ணி, ஒரே நாள்ல போயிடுமா?"

மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தாள் தம்பி மனைவி. முகத்தில் பச்சை மாஸ்க். பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜை அவளுக்கு. அங்கே போடுகிற மாஸ்க்கை இங்கேயும் போடுவாள். மாமனாருக்குத் தட்டு வைக்கும்போது இரண்டு போடுவாள்.

"மாமா பெட்ஷீட்டெல்லாம் மேல மெஷின்ல போட்டிருக்கேன். கடைசியா ஒரு தரம் தோய்ச்சுக் குடுத்துடலாம்னு. தினம் ரெண்டு தரம் தோய்க்கறேன் அண்ணி. காலையில நனைச்சிருப்பார், தோய்ச்சுப் போடுவேன். மத்தியானம் பார்த்தா திரும்பவும் நனைஞ்சிருக்கும். நானும் மனுஷிதானே? எனக்கும் குமட்டும்ல?"

பொய் சொல்கிற குரல் இல்லை அது. அதுதான் அக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"போன மாசம் அவர் மூத்திரத்தை ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணினேன். பச்சைத் தண்ணி மாதிரி சுத்தமா இருக்கு. இந்த நாத்தம் மூத்திர நாத்தம் இல்லம்மா. எனக்குத் தெரியாதா?"

"அக்கா, விடு. ஆள் வந்துட்டார்" என்றான் தம்பி அவசரமாக.

*

டிவி மாட்ட வந்தவர் தோளில் டிரில் பை, காதில் பென்சில், கையில் ரசமட்டம். உள்ளே வந்ததும் சுவரைப் பார்க்கவில்லை. மூக்கைச் சுருக்கி, ஹாலில் இருந்த மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். ஆள் யார் என்று தேடுகிற பார்வை.

தம்பி சுவரில் ஏற்கெனவே பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தான்.

"இங்க மாட்டுங்க. இந்தக் குறிக்கு வலப்பக்கம் ஓட்டை எதுவும் வேண்டாம்."

"ஏன் சார், வயர் ஓடுதா?"

"வயர் இல்ல."

"பைப்பா?"

"பைப்பெல்லாம் இல்லங்க. சும்மா... பார்க்க நல்லா இருக்கும்னுதான்."

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். சுவரைப் பற்றி இத்தனை திட்டமாகப் பேசுகிறவன், மூலையிலிருந்து சுவரை அளந்தே பார்க்கவில்லை. அளவு டேப் எடுத்த மாதிரி தெரியவில்லை. ஆனால் குறி மட்டும் தீர்மானமாக இருந்தது.

தம்பி மனைவி சோபாவில் போய் உட்கார்ந்து பார்த்தாள்.

"ஏங்க, குறி அங்க இருக்கு, சோபா இங்க இருக்கு. கழுத்தைத் திருப்பிக்கிட்டேவா டிவி பார்க்கணும்? நடுவுல மாட்டச் சொல்லுங்க."

"சோபாவை நகர்த்திக்கலாம்மா."

"அங்க நகர்த்தினா வாசக் கதவு இடிக்கும். நடுவுல போடுங்கண்ணே. சோபாவுக்கு நேரா."

"இல்ல, கேளு, இடப்பக்கம்தான் எடுப்பா இருக்கும்..."

"எல்லார் வீட்டுச் சுவத்துக்கும் நீங்க சொல்லுங்க. என் வீட்டுச் சுவத்துக்கு நான் சொல்றேன்."

தம்பி தன் பென்சில் குறியையே பார்த்தான். காரணம் சொல்ல முடியாதவன் பேரத்தில் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

டிரில்காரர் விரல் முட்டியை மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். இடப்பக்கம்: டொக், டொக். நடுவில் வந்ததும்: பொத்.

அவர் கை நின்றது. திரும்பவும் தட்டினார். பொத்.

"சுவத்துக்கு எதுக்கு சார் சட்டை போட்டிருக்கீங்க?"

"அது வால்பேப்பர். இம்போர்ட்டட்."

"சட்டை நல்ல சட்டைதான் சார். உள்ள உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கே. அந்தப் பக்கம் தட்டினா தேங்காய் மாதிரி கேக்குது. இங்க ஊறின ரொட்டியைத் தட்டற மாதிரி இருக்கு. இருபத்தெட்டு கிலோ டிவி. ராத்திரி யார் தலையிலாவது இறங்கிச்சுன்னா என்னைத்தான் தேடுவீங்க."

"அதான் சொன்னேன், இடப்பக்கம் போடுங்கன்னு!" என்றான் தம்பி. குரல் கொஞ்சம் உச்சிக்குப் போனது.

"ஒரு ஓட்டை போட்டுப் பார்த்துடலாம் மேடம்" என்று டிரில்காரர் யார் பெரியவர் என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு தம்பி மனைவியைப் பார்த்துச் சொன்னார். "தூள் சிவப்பா வந்தா செங்கல் நல்லா இருக்குன்னு அர்த்தம். மாட்டிடலாம்."

"போடுங்க."

டிரில் அலறியது. கம்பி வெள்ளைப் பூவின் நடுவில் புகுந்தது, வெண்ணெயில் கத்தி போவது போல. அலறல் உடனே அடங்கி, ஒரு குழைந்த சத்தம் வந்தது.

தூள் வரவில்லை. சேறு வந்தது.

கரும்பச்சையாக, கம்பியின் புரியெல்லாம் அப்பிக்கொண்டு, கூழ் மாதிரி. டிரில்காரர் அதை மூக்குக்கு நேரே கொண்டுபோனார். அடுத்த நொடி தலையைப் பின்னால் வெட்டினார்.

"அய்ய... என்ன சார் இது?"

"போதும், விட்டுடுங்க! அதை அடைச்சுடலாம். என்கிட்ட பேப்பர் மிச்சம் இருக்கு, நான் ஒட்டிக்கறேன்" என்று தம்பி பாய்ந்தான்.

அதே நேரத்தில் மாடியில் வாஷிங் மெஷின் துவைத்து முடித்துத் தண்ணீரைக் கீழே தள்ளியது.

முதலில் சுவருக்குள் ஒரு கொடகொட. பிறகு அந்த ஓட்டையிலிருந்து பென்சில் தடிமனில் கறுப்புத் தண்ணீர் பீச்சியடித்தது. தம்பியின் சட்டையில், அட்டைப்பெட்டியின் மலைச்சிகரத்தில், சோபாவில். பூப்போட்ட காகிதம் வயிறு மாதிரி உப்பியது. மேலேயிருந்து கீழே தோலுரிந்து சரிந்தது. அதோடு ஒரு முழம் பூச்சும் பெயர்ந்து தரையில் பொதேலென்று விழுந்தது.

உள்ளே இருந்து கரப்பான்பூச்சிகள் வந்தன. பத்து இருபது அல்ல. பெரியது, சின்னது, வெள்ளையாக இப்போதுதான் தோலுரித்தது, குடும்பம் குடும்பமாக, வீடு காலி செய்கிறவர்கள் போல.

நாற்றம் அப்போதுதான் முழுசாக எழுந்து நின்றது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் இருந்தது அதன் நிழல் மட்டும்தான்.

தம்பி மனைவி மாஸ்க்கோடு சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டு சோபாவின் மேல் ஏறி நின்றாள். டிரில்காரர் வாசல்வரை ஓடிப்போய் இரண்டு தடவை ஓங்கரித்துவிட்டு வந்தார். அக்கா மட்டும் நகரவில்லை. செருப்புக் காலால் கரப்பான்களை ஒதுக்கிக்கொண்டே சுவருக்குப் பக்கத்தில் போனாள்.

"இதுதான். எனக்குத் தெரிஞ்ச நாத்தம்" என்றாள். "கக்கூஸ்."

*

தண்ணீர் வடிந்து நின்றதும் டிரில்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மாடி பாத்ரூம் கழிவு மொத்தமும் இந்தக் குழாய்லதான் இறங்குது. ஜாயின்ட்ல வாய் விட்டிருக்கு. மேல எதைக் கொட்டினாலும் பாதி இங்கதான். சுவரே குடிச்சுக் குடிச்சுக் கீழ இறக்கியிருக்கு. இதோ, தரைக்கு மேல ஒரு அடியில பேப்பர் பிரிஞ்சிருக்கு பாருங்க. அந்த வழியாத்தான் வெளியில வந்திருக்கு. இந்த இடத்துல என்ன இருந்துச்சு?"

தம்பி சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடினான்.

"கட்டில்" என்றாள் அக்கா.

தம்பி மனைவி சோபாவின் மேல் நின்றபடியே மெதுவாக மாடியைப் பார்த்தாள். பிறகு சுவரை. பிறகு தரையில் தேங்கிய தண்ணீரை. அதில் இன்னும் சோப்பு நுரை மிதந்தது.

"நான்... பெட்ஷீட் தோய்க்கத் தோய்க்க..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அவள் தோய்த்த தண்ணீர்தான் அவர் மெத்தைக்கு வந்தது. அவர் நனைத்தார் என்று தோய்த்தாள். தோய்த்ததால் நனைந்தது. தினம் இரண்டு தரம்.

"இதுல இன்னொண்ணு இருக்கு சார்" என்றார் டிரில்காரர். தம்பியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "இதை ஏற்கெனவே யாரோ உடைச்சுப் பார்த்திருக்காங்க. இங்க சிமெண்டு புதுசு. ஜாயின்ட்ல துணி சுத்திக் கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்காங்க."

ஸ்குரூ டிரைவரால் நெம்பி இழுத்தார். நசநசவென்று ஒரு சாக்குத்துண்டு வெளியே வந்து தரையில் விழுந்தது. சாக்கு என்று சொன்னால்தான் தெரியும். கறுத்து, அழுகி, புழு நெளிந்தது.

அக்கா குனிந்தாள். வெறுங்கையால் எடுத்து, தேங்கிய நுரைத் தண்ணீரிலேயே ஒரு அலசு அலசி விரித்துப் பிடித்தாள்.

பாதி அழிந்த பச்சை மையில் ஒரு தராசுப் படம். மண்டி முத்திரை.

அந்தச் சாக்கு வேறு எங்கும் கிடைக்காது. மூடிக்கிடக்கும் மண்டியில்தான் கட்டுக்கட்டாக இருக்கிறது. சாவி ஒன்றுதான். அது தம்பியின் இடுப்பில்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள் அக்கா.

தம்பி அட்டைப்பெட்டியின் மேல் தெறித்த கறுப்பைக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தான். அந்த நேரத்திலும் டிவியைத் துடைத்தான்.

"பிளம்பர் வந்து பார்த்தான்கா. மாடி பாத்ரூம் தரை முழுக்க உடைக்கணும்னான். அப்பதான் டைல்ஸ் போட்டு ரெண்டு மாசம். இவ அவ்வளவு ஆசையா பார்த்துப் பார்த்து எடுத்தது. உடைக்கணும்னு சொன்னா அழுவா. சரி, இப்போதைக்குக் கட்டி வைப்போம்னு..."

"என்மேல போடறீங்களா?" என்றாள் மனைவி.

"உனக்காகத்தானே..."

"கட்டி வச்சே. சரி. பேப்பர் ஒட்டினே. சரி. திரும்ப நாற ஆரம்பிச்சப்ப?" அக்கா விடவில்லை.

"அதுக்குள்ள இவ, மாமாகிட்டதான் வாசனைன்னு சொல்லிட்டா. அப்பாவும் ஆமாம்னு சிரிச்சிட்டார். நான் ஒண்ணுமே சொல்லலைக்கா. சத்தியமா அப்பாதான் காரணம்னு நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"சொல்லலை. அது ஒண்ணுதான் நீ செஞ்சது."

"நாளாக நாளாக எப்படிச் சொல்றதுன்னு தெரியலை..."

"டயாப்பர் வாங்கிட்டு வந்தது யாருடா?"

தம்பி துடைப்பதை நிறுத்தினான்.

அக்காவுக்கு முதல் தடவையாகக் குமட்டியது. கையில் இருந்த சாக்கினால் அல்ல.

*

அப்பா எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். கரப்பான்கள் அவர் காலைச் சுற்றிப் போயின. நாற்றம் அவருக்குத் தெரியாது. ஆனால் எதிரே நிற்கும் முகங்கள் தெரிந்தன.

அவர் சுவருக்குப் போனார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மண்டியில் மூட்டையின் அடியை அப்படித்தான் அழுத்துவார். மேலே பளபளவென்று இருக்கும், அழுகல் அடியில்தான் உட்கார்ந்திருக்கும், விரல் சொல்லிவிடும். இந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு வருஷம் படுத்த மனிதர், ஒரு நாளும் அதை அழுத்திப் பார்க்கவில்லை. சரக்கே தான்தான் என்று நினைத்துவிட்டார்.

விரல் முதல் மடிப்பு வரை உள்ளே போனது.

"நான் நனைக்கலையா?" என்று கேட்டார்.

"இல்லப்பா" என்றாள் அக்கா.

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட இல்ல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தன் சட்டைத் தோளில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் பார்த்தார். அக்கா பக்கத்தில் போய் அதே தோளில் மூக்கை வைத்தாள்.

"சோப்பு வாசனைதான்பா. மூக்கைத் துளைக்குது."

தம்பி மனைவி சோபாவிலிருந்து இறங்கினாள். மாஸ்க்கைக் கழற்றினாள். கழற்றியதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே கசக்கிக்கொண்டு நின்றாள்.

"மாமா... நான் உங்களுக்குச் சோறு போடும்போது..."

"உனக்கு நாறிச்சு. நீ மூக்கைப் பிடிச்சே. அதுல என்னம்மா தப்பு?" என்றார் அப்பா. "நாறலைங்கற மாதிரி என் பக்கத்துல உக்காந்து காபி குடிச்சானே, அவனைத்தான் நான் பாசக்காரன்னு நினைச்சேன்."

தம்பிக்கு அப்போதுதான் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு ஓர் அடி முன்னால் வந்தான்.

"அப்பா, நீங்க எங்கேயும் போக வேண்டாம்பா."

"அதை நீ சொல்லாதே."

வாசலில் ஹாரன் அடித்தது. மணி நாலாகப் பத்து நிமிஷம். விடுதிக்காரர்கள் நேரம் தவறாதவர்கள். வேன் டிரைவர் கையில் ஒரு தாளோடு உள்ளே வந்தவர், இரண்டே எட்டில் நின்று, தாளாலேயே மூக்கை மூடிக்கொண்டார்.

"வாசனைக் கேஸுன்னு எழுதியிருக்கு... இந்த வீடுதானே?"

"வீடு சரிதான் தம்பி. ஆள்தான் தப்பு" என்றார் அப்பா. "நீங்க கிளம்புங்க. இன்னிக்கு ஏத்தறதுக்கு ஆள் இல்ல."

டிரைவருக்கு இரண்டாவது தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேன் கிளம்பிய சத்தம் கேட்டது.

அப்பா நாற்காலியை இழுத்து ஹால் நடுவில் போட்டு உட்கார்ந்தார். மண்டித் திண்டில் சாய்ந்து உட்கார்கிற அதே தோரணை. ஆறு வருஷமாக யாரும் பார்க்காதது.

"இப்ப கேட்டுக்கோ. என் கட்டிலை மாடிக்குக் கொண்டுபோய் உங்க அறையில போடு. முழங்கால் வலிச்சா நான் மெதுவா ஏறிக்கறேன். உங்க மெத்தை இங்க வரட்டும். இதே இடத்துல, இதே சுவத்தோட ஒட்டிப் போடணும். நான் ரெண்டு வருஷம் படுத்தேன். நீ எத்தனை நாள் படுக்கறேன்னு பார்க்கலாம்."

"அப்பா, இங்க எப்படிப்பா... நாத்தம்..."

"அப்படியா? எனக்குத் தெரியலையே."

டிரில்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார்.

"பாத்ரூம் தரையை உடைக்கறதுக்கு ரெண்டு வருஷமா நாள் கிடைக்கலை உனக்கு. இங்க படு. நாளைக்கு விடியறதுக்குள்ள பிளம்பர் வாசல்ல நிப்பார்."

அப்பா பழுப்புப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அக்கா கொண்டுவந்து மடியில் வைத்தாள். திறந்து, டயாப்பர் பாக்கெட்டை எடுத்துக் கீழே போட்டார். பிறகு சோப்புக் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மகன் முன்னால், டிவி அட்டைப்பெட்டியின் மேல் அடுக்கினார். ஆறு.

"எனக்குன்னு வாங்கினது. உனக்கு ஆகும்."

தம்பி அந்தச் சோப்புகளைப் பார்த்தான். எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அவன் சட்டையிலிருந்து ஒரு கரப்பான் இறங்கிப் போனது.

மனைவி அதுவரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வருஷமாக 'ஏங்க' தவிர வேறு கூப்பிடாதவள்.

"ஏய்."

அவன் நிமிர்ந்தான்.

"இன்னும் எந்தெந்தச் சுவத்துக்குச் சட்டை போட்டிருக்கே?"

"என்ன பேசறே நீ? வேற எதுவும் இல்ல."

சட்டென்று சொன்னான். ஆனால் சொல்லும்போது அவன் கண் ஒரு இமைப்பொழுது, ஒரே ஒரு இமைப்பொழுது, அவளைத் தாண்டிப் போய்த் திரும்பியது. சாம்பிளில் தலைமுடியளவு மாறுதலையும் விடாத அக்கா அதைப் பிடித்துவிட்டாள். அவன் பார்த்த இடத்தை அவளும் பார்த்தாள்.

மாடிப்படியோரச் சுவர். அதே வெளிர்நீலம், அதே வெள்ளைப் பூ. அந்தப் பக்கம் எந்தக் குழாயும் போகவில்லை. அங்கே அவன் ஒட்டி மறைத்தது கசிவாக இருக்க முடியாது.

டிரில்காரர் ஏற்கெனவே அங்கே போய் நின்றிருந்தார். தொழில் பழக்கம். விரல் முட்டியை மடக்கினார்.

"சார், அதை விட்டுடுங்க!" என்று தம்பி கத்தினான்.

அவர் தட்டினார்.

பொத்.